சுமைதாங்கி இடவழிக்குள் வந்த கார்

போன மாதம் நம் பொதுப்பணித் துறையின் இளம் பொறியாளர் ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். எல்லையோரப் பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே ஒரு பெரிய குடியிருப்பு வரப்போகிறதாம். அடுக்கடுக்காக வீடுகள், கீழே கடைகள், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டாம். ஆனால் அக்கம்பக்கத்துக்காரர்கள் வழி இடுக்கம், வண்டி நெருக்கடி என்று சொல்லி முட்டுக்கட்டை போடுகிறார்களாம். என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்க வந்தவர், நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே முடிவையும் சொல்லிவிட்டார்.

"அவங்களுக்க பின்னால ஆரோ உண்டு சார். ஆருண்ணுதான் பிடி கிட்டல்ல."

வந்தவருக்கு அதற்குள் தேநீர் கொடுத்தாகிவிட்டது. இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. இதே பேச்சை, இதே இடத்தைப் பற்றி, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். அன்று சொன்னவர் என் மேலதிகாரி. அதனால் அன்று கோபத்தை விழுங்கினேன். இன்று எனக்கு மேலதிகாரி யாரும் கிடையாது. ஆகவே அவரிடம் சொன்னதைத் துறையின் இளையவர்கள் உங்கள் எல்லோருக்குமாக எழுதி வைக்கிறேன். சாலை போடுவது எப்படி, வண்டிகளைக் கணக்கெடுப்பது எப்படி என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். இது புத்தகத்தில் இல்லாதது.

நான் ஓவர்சியராகச் சேர்ந்தது எல்லைப் போராட்டக் காலத்தில். இந்தப் பகுதி தமிழோடு சேரவேண்டுமா, மலையாளத்தோடு இருக்கவேண்டுமா என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. இரண்டு பாஷையையும் ஒரே மூச்சில் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரில், சாயாக்கடையில் ஒருவன் தண்ணீர் கேட்கிறானா வெள்ளம் கேட்கிறானா என்று பக்கத்து பெஞ்சுக்காரன் காது கொடுக்கிற நிலைமை வந்துவிட்டது. கொஞ்சம் தெற்கே போலீஸ் துப்பாக்கிச் சத்தமும் கேட்டிருந்தது. போலீஸ் ஜீப் வந்தால் கடைக்காரர்கள் பலகையை எடுத்துச் சாத்திவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் அரசு ஊழியர்களுக்கு ஒரு குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தது. ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பெரிய விளையை, அதாவது தோட்ட நிலத்தை, அதற்காக எடுத்தார்கள். அந்த விளைக்கு இரண்டு வழியாகப் போகலாம். ஒன்று, ஹைவேயை ஒட்டிய தென்னந்தோப்பின் ஓரமாக. மற்றொன்று, ஹைவேயிலிருந்து இறங்கி ஊருக்குள்ளே வளைந்து வரும் ஒரு இடவழி. தோப்பு வழி நேரானது, அகலமானது. ஆனால் தோப்பின் சொந்தக்காரர் பெரிய இடம், அவருடைய ஒரு தென்னையைத் தொடவும் ஆபீசில் யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே வரைபடத்தில் இடவழிதான் குடியிருப்பின் வழியாயிற்று. அதை அகலப்படுத்தப் போவதுகூட இல்லை. உள்ளபடியே லாரி போகும் என்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து இடவழியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது தரையில் ஓடுகிற சாலை அல்ல, பூமிக்குள் இறங்கிய சாலை. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் செம்மண் திட்டை நிற்கும். காளைவண்டி ஒன்று வந்தாலே எதிரே வருகிறவர் திட்டையோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் ஒரு வளைவு, வளைவில் ஒரு சுமைதாங்கிக் கல். சந்தை நாளில் அந்த வழியாகப் பெண்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு நிறைத்த கடவத்தைத் தலையில் ஏற்றி வரிசையாக வருவார்கள். கடவம் என்றால் பனையோலைக் கூடை, உள்ளே ஒரு ஆளை உட்கார வைக்கலாம்.

தலைச்சுமைக்காரி சாலையில் நடப்பவர்களில் ஒரு தனி வகை. அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, சட்டென்று ஒதுங்க முடியாது. சுமையைத் தனியாக இறக்கவும் முடியாது, இறக்கிவிட்டால் தனியாக ஏற்றவும் முடியாது. கல் இருக்கிற இடத்தில் கல்லில் வைப்பாள். கல் இல்லாத இடத்தில், எதிரே வருவது யாராக இருந்தாலும் "ஒண்ணு பிடியும்" என்பாள். கேட்டால் பிடித்தாக வேண்டும். அங்கே சாதி பார்ப்பதில்லை, சபை பார்ப்பதில்லை, ராஜாவின் கொட்டாரத்து உத்தியோகஸ்தன் என்பதும் பார்ப்பதில்லை. மறுத்துவிட்டுப் போனவனைப் பற்றி மறுநாள் சந்தை முழுக்கப் பேச்சாக இருக்கும்.

வேலை தொடங்குவதற்கு முன்பே கருங்கல் ஏற்றிய லாரி ஒன்று அந்த வழியாக வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தவள் பார்கவி. மலையாளம் பேசும் குடும்பம், கணவன் தறிவேலைக்குப் பாலராமபுரம் போய்விட்டு வாரக்கடைசியில்தான் வருவான். வீட்டில் உலை வைப்பது அவளுடைய கடவத்தை நம்பித்தான். லாரி வரும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்டு என்ன செய்ய? தலையில் சுமை, பக்கத்தில் திட்டை. அன்று சுமையில்லாமல் கூடவே வந்த இன்னொரு கடவக்காரி ஏசுவடியாள் ஓடிவந்து கடவத்தைப் பிடிப்பதற்குள் லாரியின் பலகை பார்கவியைத் திட்டையோடு வைத்து அழுத்திவிட்டது. உயிர் தப்பியது. இடுப்பெலும்பு தப்பவில்லை.

ஏசுவடியாள் எங்கள் ஆபீசுக்கு வந்தார். மிஷன் கோவில் சபைக்காரர், தமிழ் பேசுகிறவர், பார்கவியின் பக்கத்து வீடு. நான் பெரிய சார் என்று இங்கே சொல்லப்போகிற என் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றார். பெரிய சார் தலைநகரத்திலிருந்து வந்தவர், நன்றாகப் படித்தவர். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. யாருக்கு அடிபட்டது என்று கேட்கவில்லை. தமிழா மலையாளமா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஏசுவடியாள் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். "நான் தமிழு சாரே. இடிபட்டுக் கெடக்கியவ மலையாளம். லாரி எந்தப் பாஷைண்ணு எனக்குத் தெரியல்ல."

நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. ஏசுவடியாள் சிரிக்கவைப்பதற்காக அதைச் சொல்லவும் இல்லை. அவர் கேட்டது மிகவும் சின்ன விஷயம். வீடு கட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. ஆட்கள் குடிவந்தால் எங்கள் கிழங்கும் விலைபோகும், நல்லதுதான் என்றார். லாரியையும் வண்டிகளையும் தோப்பு வழியாக விடுங்கள், இடவழியை எங்களுக்கு நடக்க விடுங்கள், வேறு வழி எங்களுக்கு இல்லை என்றார். லாரிக்குப் பயந்து சந்தைக்குப் போகாவிட்டால் இந்தப் பெண்களின் வீட்டில் அடுப்பு எரியாது, போனால் அடுத்த பார்கவி யார் என்று தெரியாது. இதைவிடத் தெளிவாக ஒரு கோரிக்கையை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கேட்டதில்லை.

அவர் வெளியே போனதும் பெரிய சார் பேனாவை மூடினார். "இதின்றெ பின்னில் ஆரோ உண்டு" என்றார்.

பின்னால் இருந்தது லாரி. எல்லைக்கோட்டைப் பற்றிய வாதம் அவர்கள் யார் பின்னாலும் இல்லை. ஆனால் நானும் தமிழன், புதியவன், அதைச் சொல்லியிருந்தால் எனக்குப் பின்னாலும் ஒரு ஆளைத் தேடியிருப்பார்கள்.

பெரிய சார் ஒரு காரியம் செய்தார். அந்த வழியில் எவ்வளவு போக்குவரத்து என்று உட்கார்ந்து எண்ணிவரச் சொல்லி என்னை அனுப்பினார். இது நல்ல உத்தரவுதான், தவறு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில், அந்த ஊரில், குடையும் காகிதமுமாக ஒருவன் வழியோரம் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எண்ணினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தமிழர் எத்தனை பேர், மலையாளிகள் எத்தனை பேர் என்று எல்லைக்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. முதல் நாள் நடுப்பகலுக்குள் இரண்டு பக்கத்துத் தலைவர்மாருக்கும் தகவல் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் நான் கண்ட காட்சியை என் ஆயுளில் மறக்கமாட்டேன். அந்த வழியை ஒருமுறைகூட மிதிக்காதவர்களெல்லாம் கோடி வேட்டி உடுத்து வந்து நடந்தார்கள். ஒரு கூட்டம் தமிழில் சத்தமாகப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போயிற்று. சற்று நேரத்தில் இன்னொரு கூட்டம் மலையாளத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டே எதிரே வந்தது. போனவர்கள் சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பவும் வந்தார்கள். நல்ல பார்வையுள்ள கிழவர் ஒருவர், தன்னை நான் சரியாக எழுதினேனா என்று அருகில் வந்து குனிந்து பார்த்தார். காளைவண்டிகள் காலியாகவே சுற்றிச் சுற்றி ஓடின. நிஜமாகவே அந்த வழியை நம்பியிருந்த கடவக்காரிகள், இந்தத் திருவிழாக் கூட்டத்தில் நுழைய முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இது சாலைக்கான கணக்கு, பாஷைக்கானது அல்ல என்று நான் இரண்டு தரப்புத் தலைவர்களிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரேபோல் தலையாட்டினார்கள், ஒரேபோல் நம்பவில்லை. பார்கவியின் இடுப்பு ஒடிந்து கிடப்பதைச் சொன்னேன். ஒருவர், அவள் எந்தப் பக்கம் என்று கேட்டார். மற்றவர் அதைக்கூடக் கேட்கவில்லை. தலைநகரத்துப் பெரிய சாரை மட்டும் சொல்லி என்ன, நம் ஊர்த் தலைவர்களின் தராசும் அதே தராசுதான். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

கணக்கைப் பார்த்ததும் பெரிய சார் வெற்றிப் புன்னகை செய்தார். நான் சொன்னேன் அல்லவா, எல்லாம் அரசியல் என்றார். பொய்க்கூட்டம் எது, மெய்யான சந்தைக்கூட்டம் எது என்று பிரித்துச் சொல்ல முயன்றேன். அவர் கேட்கவில்லை. குறித்த நாளில் அங்கே அடிக்கல் நாட்டுவது, இடவழியாகவே போவது, தகராறு செய்ய யாராவது வந்தால் பார்த்துக்கொள்ளப் போலீஸையும் அழைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார். அன்று சந்தை நாள் என்று எச்சரித்தேன். சந்தைக்குப் பயந்து சர்க்கார் வழி மாறிப் போகவேண்டுமா என்று கேட்டார்.

அன்று காலை ஹைவேயிலிருந்து இடவழிக்குள் இறங்கினோம். முன்னால் பெரிய சாரின் கார், டிரைவருக்குப் பக்கத்தில் நான். பின்னால் ஒட்டினாற்போல் போலீஸ் ஜீப். வளைவில் திரும்பியதும் எதிரே கடவம் கடவமாக வரிசை. முதல் ஆள் ஏசுவடியாள். டிரைவர் பிரேக் போட்டார். சுமைதாங்கிக் கல் எங்கள் காருக்குப் பின்னால் மறைந்துவிட்டது. காரின் இரண்டு பக்கமும் ஒரு ஆள் விலாவைச் சாய்த்து நுழையும் இடம் மட்டும்தான் இருந்தது. கடவத்தோடு அதில் போக முடியாது. அந்தப் பெண்களால் பின்னால் திரும்பவும் முடியாது, ஏனென்றால் அவர்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது.

டிரைவர் ஹார்ன் அடித்தார். யாரும் நகரவில்லை. நகர இடம் இருந்தால்தானே நகர்வார்கள். ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் இறங்கித் திட்டையோரமாக ஒவ்வொருவராக நுழைந்து முன்னால் வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது மறியல். கும்பலாகப் பெண்கள், வழியை அடைத்துக்கொண்டு, அசையாமல் நிற்கிறார்கள். வேறென்ன நினைப்பார்கள்? இன்ஸ்பெக்டர் கலைந்து போகச் சொல்லி உத்தரவு போட்டார். ஒருவரும் கலையவில்லை. போலீஸ்காரர்கள் லத்தியைச் சரியாகப் பிடித்தார்கள்.

பெரிய சார் காருக்குள்ளிருந்து என்னைக் கேட்டார், இது மறியல்தானே என்று. இன்ஸ்பெக்டரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளூர்க்காரன் நான், என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது சாட்சியாகிவிடும்.

நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆம் என்றால் தலையில் சுமையோடு நிற்கும் பெண்கள்மேல் அடி விழும், அவர்களால் கையை உயர்த்தித் தடுக்கக்கூட முடியாது. இல்லை என்றால், தமிழன் தமிழருக்காகப் பேசுகிறான் என்று அடுத்த நிமிடமே என் பேச்சு செல்லாக்காசு. நல்ல பதில் இரண்டிலும் இல்லை. கேள்வியே கோணல் என்றால் அதற்கு எந்தப் பதில் சொன்னாலும் கோணலாகத்தான் முடியும். நான் காரிலிருந்து இறங்கி ஏசுவடியாளுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் இரண்டு கையாலும் கடவத்தைப் பிடித்திருந்தார். சும்மாட்டுக்குக் கீழே வியர்வை கண்ணில் இறங்கியிருந்தது, துடைக்கக் கை இல்லை. அவர் போலீஸைப் பார்க்கவில்லை, காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஓவர்சியர் சாரே, ஒண்ணு பிடியும்."

என் கை தானாக உயர்ந்தது. கடவத்தின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். எங்கே வைப்பது? எங்களுக்கு முன்னால் இடுப்புயரத்தில் தட்டையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். காரின் பானட்மேல் வைத்தோம். பெரிய சாரின் முகத்துக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அப்பால், மண்ணோடு மரச்சீனிக் கிழங்கு.

ஏசுவடியாளுக்குப் பின்னால் நின்றவள், எனக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்து, "ஏமானே, இதையும் ஒண்ணு எறக்கித் தாரும்" என்றாள். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடவத்தைப் பிடித்தார். அவருடைய அம்மாவும் எங்கோ ஒரு இடவழியில் இதையே கேட்டிருப்பாள். அடுத்தவள் அடுத்த போலீஸ்காரரைக் கேட்டாள். அவர்களால் மறுக்க முடியவில்லை, இந்த மண்ணில் பிறந்தவர்களால் அது முடியாது. லத்திகளைத் திட்டையில் சாய்த்துவைத்துவிட்டு வரிசையாகக் கடவம் இறக்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஒருத்தி இன்ஸ்பெக்டரையே அழைத்தாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேண்டாவெறுப்பாக, ஆனால் ஒழுங்காகப் பிடித்தார். இரண்டு கையிலும் மரச்சீனி இருந்தால் யாரையும் அடிக்க முடியாது.

அதற்கப்புறம் அது மறியல்தானா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பானட்மேல் இருந்ததை இறக்கினோம். முதலில் ஜீப் பின்னாலேயே போனது. பிறகு பெரிய சாரின் கார் திட்டையில் இடித்து, உரசி, நின்று, மறுபடி உரசி, ஹைவே வரைக்கும் பின்னோக்கிப் போய்ச் சேர்ந்தது. போலீஸ்காரர்களே எல்லோருக்கும் சுமையைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். அன்று அடிக்கல் நாட்டப்படவில்லை.

சில வாரத்தில் உத்தரவு வந்தது. குடியிருப்புக்கு வழி தென்னந்தோப்பின் ஓரமாக. தொடவே முடியாத தென்னைகளைத் தொட்டுவிட்டார்கள், வானம் இடிந்து விழவில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. காரணம் எழுதியிருந்த வரியைப் படிக்கும்வரைதான் அந்த மகிழ்ச்சி. மேற்படி வழியில் அதிகாரிகளின் கார் திரும்ப இடமில்லை, ஆகவே மாற்றப்படுகிறது என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஏசுவடியாளைச் சுமைதாங்கிக் கல்லடியில் பார்த்துச் செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு கேட்டார்.

"பார்கவிக்க காரியம் வல்லதும் எழுதியிருக்கா சாரே?"

இல்லை என்றேன்.

"எங்க காரியம்?"

அதுவும் இல்லை என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் கல்லின்மேல் இருந்த கடவத்தைக் கையால் ஒருமுறை தட்டினார்.

"அப்போ மனுசி ஒருத்தி விழுந்தா போராது. காரு ஒண்ணு முட்டணும் ஆக்கும்." பிறகு சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "செரி, இத ஒண்ணு தூக்கி விடும்" என்றார். தூக்கிவிட்டேன். வளைவில் திரும்பிப் போய்விட்டார்.

பார்கவி அதன்பிறகு தலையில் சுமை ஏற்றவே இல்லை. எல்லை ஒருவழியாக வரைந்து முடிந்தது. தெற்கே சில தாலுகா தமிழ்ப் பக்கம் போனது, நாங்கள் மலையாளப் பக்கமே இருந்தோம். ஆட்களைக் கோடி வேட்டி உடுத்தி என் முன்னால் நடக்கவைத்த தலைவர்களுக்கு அப்புறம் வேறு வேலைகள் வந்தன. பார்கவி வீட்டுப் படியில் அவர்களில் ஒருவரும் கால்வைக்கவில்லை. என் துறையிலிருந்தும் யாரும் போகவில்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அந்த இளம் பொறியாளர் காலித் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இப்போது கடவம் சுமப்பவர்கள் யாரும் இல்லையே சார் என்றார் மெதுவாக. உண்மைதான். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள், ரேஷன் கடைக்குப் போகும் வயசானவர்கள் நடக்கிறார்கள். செம்மண் திட்டைக்குப் பதில் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. மண்ணிலாவது பிடித்து ஏற ஒரு வேர் கிடைக்கும், சுவரில் அதுவும் கிடையாது.

"நீ அந்த எடவழியப் போய்ப் பாத்தியா மக்கா?" என்று கேட்டேன்.

"போனேன் சார். காரில."

"எதுவரைக்கும்?"

"அந்த வளைவு வரைக்கும். பழைய கல்லு ஒண்ணு கெடக்கு இல்லியா, அதுவரைக்கும்."

"பின்ன எப்படித் திரும்பின?"

"திரும்ப எடம் இல்ல சார். ரிவர்ஸிலதான் வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. எதிர்ப்பவர்களுக்குப் பின்னால் யார் என்று அவர் அதற்குமேல் கேட்கவில்லை, எழுந்து விடைபெற்றார். வாசல்வரை கூடவே போனேன்.

"போய் எழுதிக் குடு மக்கா. ஆனா காரு திரும்ப எடமில்லைண்ணு எழுதாத. நடக்கிய ஆளுக்கு ஒதுங்க எடமில்லைண்ணு எழுது" என்றேன்.